பதினோராவது சீட்டு

ஃபஹாஹீல், குவைத்
14 ஜனவரி 2005

அன்புள்ள அத்தானுக்கு,

ராணி எழுதுவது. நான் சுகம். நேற்று ஊருக்கு, முட்டத்துக்குப் பேசினேன். நம் சுபிஷா எல்.கே.ஜி. டீச்சரையே அதட்டுகிறாளாம். என்னைப் போல என்று அம்மா சொல்கிறாள், உங்களைப் போல என்று நான் சொன்னேன்.

வெள்ளிக்கிழமை ஜெபத்துக்கு உங்கள் அறையில் வாசிக்க வேண்டியதை இத்துடன் எழுதுகிறேன். அங்கே சவூதியில் சாமியாரும் இல்லை, வேதப் புத்தகமும் கொண்டுவர முடியாது, ஏதாவது எழுதி அனுப்பு என்று நீங்கள் கேட்டதிலிருந்து இது ஐந்தாவது. யாராவது உறையைப் பிரித்தாலும் பழைய ரோமாபுரிக் கதை என்றுதான் தெரியும். இங்கே பங்குக் கோயில் நூலகத்திலிருந்து தடித்த ஆங்கிலப் புத்தகம் ஒன்றை எடுத்து, டூட்டி இடைவேளையில் படித்து, எனக்கு வந்த தமிழில் எழுதுகிறேன். தப்பிருந்தால் ரோமாபுரிக்காரர்கள் பொறுத்துக்கொள்ளட்டும்.

இந்த வாரம் கூட்டம் கூடுவதைப் பற்றி. இன்றைய துருக்கிப் பக்கம் ஒரு நகரத்தில் பெரிய தீ. பாதி ஊர் எரிந்துபோனது. நெருப்பணைக்க நூற்றைம்பது தொழிலாளிகளைச் சேர்த்து ஒரு சங்கம் வைக்கலாமா என்று அந்த மாகாணத்து ஆளுநர் பேரரசருக்கு எழுதிக் கேட்டார். வேண்டாம் என்று பதில் வந்தது. எந்தப் பெயரில் கூடினாலும் எதற்காகக் கூடினாலும் கொஞ்ச நாளில் அது அரசியலாகிவிடும், கருவிகளை வாங்கி வை, வீட்டுக்காரர்களே அணைத்துக்கொள்ளட்டும் என்றார் பேரரசர். பிரிட்டன் முதல் நைல் வரை ஆண்டவர்கள், நூற்றைம்பது பேர் ஒன்றாகத் தண்ணீர் இறைப்பதற்குப் பயந்தார்கள். அப்படிப்பட்ட ஆட்சியில்தான் நம் ஆட்கள் விடியுமுன் யாரோ ஒருவர் வீட்டில் கூடி, அடிமையும் எஜமானும் பக்கத்தில் உட்கார்ந்து அப்பம் பிட்டார்கள்.

அடுத்தது பிரைட். என் தம்பி உங்கள் கேம்புக்கு வந்து மூன்று மாதம்தான் ஆகிறது. அவனுடைய வாய் உங்களுக்குத் தெரியும். அவன் கடலுக்குப் போகாமல் ஒரு நிலையான வேலையில் இருக்க வேண்டும் என்று அம்மா எத்தனை ஜெபமாலை உருட்டினாள் என்பதும் தெரியும். அவன் வேலைக்கு ஒன்றும் வராமல் பார்த்துக்கொள்வது உங்கள் பொறுப்பு. எப்படியாவது, அத்தான். அவனைக் கேட்டுக்கொண்டு நிற்க வேண்டாம், நீங்களே பார்த்துச் செய்யுங்கள்.

ஜூன் விடுமுறையை இருவரும் ஒன்றாகப் போட்டிருக்கிறோம், மறக்க வேண்டாம். மூன்று பேரும் ஒரே வீட்டில் இருந்து இரண்டு வருடமாகிறது.

ராணி


ஜுபைல்
4 பிப்ரவரி 2005

அன்புள்ள ராணிக்கு,

உன் தீயணைப்புச் சங்கத்தை வாசித்து முடித்ததும் முனியசாமி கேட்ட முதல் கேள்வி, "அந்த ஊரு மறுபடி எரிஞ்சிச்சாண்ணே?" என்பதுதான். சாயல்குடிக்காரன். நம் சாமியைக் கும்பிடுகிறவன் இல்லை. நான்கு பேர் தங்கும் அறையில் எங்கே எழுந்து போவான்? முதலில் போர்வையை இழுத்து மூடிக்கொண்டு படுத்திருந்தான். இப்போது வெள்ளிக்கிழமை வந்தால், "ரோமாபுரி வந்திருச்சாண்ணே?" என்று அவன்தான் கேட்கிறான். அவனையும் சேர்த்துப் பதினோரு பேர் ஆகிறோம்.

கேம்பில் ஓர் அறையில் கூட்டம் சேரக் கூடாது என்பது கம்பெனி விதி. வாசலில் கிடக்கும் செருப்பை எண்ணித்தான் கேம்ப் பாஸ் கூட்டத்தைக் கண்டுபிடிப்பார். ஆகவே செருப்புகளை உள்ளே எடுத்துக் கட்டிலடியில் தள்ளிவிடுவோம். டிவியில் கிரிக்கெட்டைச் சத்தமாக வைப்போம். நான் மெதுவாக வாசிப்பேன்.

உன் தம்பிக்கு மெதுவாக என்ற ஒன்று தெரியாது. பாட்டைக் குறைத்துப் பாடச் சொன்னேன். "கேக்காம பாடுகதுக்கு எதுக்குப் பாடணும் அத்தான்?" என்கிறான். ஆனால் வேலையில் கெட்டி. சாரம் கட்டுவதில் அவனைப் போல உயரத்தில் நிற்க ஆளில்லை என்று போர்மேன் சொன்னார். படகில் நின்று பழகிய கால். அவனைப் பற்றி நீ கவலைப்பட வேண்டாம், நான் பார்த்துக்கொள்கிறேன்.

அடுத்ததைச் சீக்கிரம் அனுப்பு. ஜூனை யார் மறப்பார்கள்?

உன்
கிளிட்டஸ்


ஃபஹாஹீல்
18 பிப்ரவரி 2005

அன்புள்ள அத்தானுக்கு,

முனியசாமியிடம் சொல்லுங்கள், மறுபடி எரிந்ததா என்று புத்தகத்தில் தேடினேன், கிடைக்கவில்லை. நல்ல கேள்வி.

இது தவக்காலம். கொஞ்சம் கனமானதை எழுதுகிறேன். கிறிஸ்து பிறந்து இருநூற்றைம்பது ஆண்டு ஆகியிருந்தது. நாடு பெருகிப் பெருகி எல்லைகளில் சண்டை, உள்ளே கொள்ளைநோய். அதற்குச் சில காலம் முன்புதான் அடிமையல்லாத அத்தனை பேரையும் ரோமக் குடிமக்கள் என்று அறிவித்திருந்தார்கள். குடிமக்கள் என்றால் எல்லாரும் சேர்ந்து தெய்வங்களைக் குளிரவைக்க வேண்டாமா? டெசியஸ் என்ற பேரரசர் ஆணையிட்டார். ஒவ்வொருவரும் ஊர் அதிகாரிகள் முன்னால் போய்ப் பலியிட வேண்டும், சாம்பிராணி போட வேண்டும், பலியிட்ட இறைச்சியை ருசி பார்க்க வேண்டும். செய்தவருக்கு ஒரு சீட்டு.

அந்தச் சீட்டுகள் நாற்பதுக்கு மேல் எகிப்து மணலுக்குள்ளிருந்து கிடைத்திருக்கின்றன. எல்லாம் ஒரே வாசகம். "நான் எப்போதும் தெய்வங்களுக்குப் பலியிட்டு வந்திருக்கிறேன், இப்போதும் உங்கள் முன்னிலையில் பலியிட்டேன், சான்று தருமாறு வேண்டுகிறேன்." சிலவற்றின் அடியில், இவருக்கு எழுத்து தெரியாததால் நான் எழுதினேன் என்று இன்னொருவர் கையெழுத்து.

நம் ஆட்களில் சிலர் மறுத்துச் சிறைக்குப் போனார்கள். நிறையப் பேர் ஓடிப்போய்ப் பலியிட்டார்கள். பயம், என்ன செய்வது? ஆனால் மூன்றாவது வகை ஒன்று இருந்தது. பலியும் இடவில்லை, சிறைக்கும் போகவில்லை, ஆள் பிடித்துச் சீட்டை மட்டும் வாங்கி வைத்துக்கொண்டார்கள். இவர்களைப் பற்றி எழுத எனக்குக் கை கூசுகிறது. விழுந்தவனாவது விழுந்தேன் என்று அழுவான். இவர்கள் விழவே இல்லை என்று நடித்தவர்கள். என் வீட்டில் அப்படி ஒருவர் இருந்திருந்தால் அவர் கையால் ஒரு வாய்த் தண்ணீர் குடித்திருக்க மாட்டேன்.

இதை நன்றாகச் சத்தமாக வாசியுங்கள்.

ராணி


ஜுபைல்
25 மார்ச் 2005

ராணிக்கு,

இன்று பெரிய வெள்ளி. கம்பெனியில் வேலை நெருக்கடி, இன்றைக்கும் டூட்டி.

வாசிப்பு எதுவும் இனி அனுப்ப வேண்டாம். கூட்டம் நின்றுவிட்டது. செருப்பை யாரோ வெளியே விட்டுவிட்டார்கள், அவ்வளவுதான்.

பிரைட்டை ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். செவ்வாய்க்கிழமை ஏறினான். நல்ல சுகத்தோடுதான் போனான். என் வேலைக்கு ஒன்றுமில்லை. ஜூன் விடுமுறை எனக்குக் கிடைக்காது போலிருக்கிறது. நீ போய்ப் பிள்ளையைப் பார்த்துவிட்டு வா.

கிளிட்டஸ்


ஃபஹாஹீல்
31 மார்ச் 2005

அத்தானுக்கு,

உங்கள் கடிதத்துக்கு முன்னாலேயே அம்மாவின் அழுகை வந்து சேர்ந்தது. ஐந்து மாதமாக நீங்கள் பார்த்துக்கொண்ட அழகு இதுதானா?

பிரைட்டிடம் பேசினேன். என்னடா நடந்தது என்று நான்கு தடவை கேட்டேன். "அத்தான்ட்ட கேளுக்கா" என்றான். வேறு ஒரு வார்த்தை இல்லை. வாய் ஓயாதவன் அவன். இப்போது இறுக வாயை மூடிக்கொண்டு இருக்கிறான். சித்தப்பாவின் வள்ளத்தில் மறுபடி கடலுக்குப் போக ஆரம்பித்துவிட்டானாம்.

பதினோரு பேர் கூடிய இடத்தில் அவன் ஒருவனை மட்டும் எப்படி அனுப்பினார்கள்? உங்கள் வேலைக்கு ஏன் ஒன்றுமில்லை? விடுமுறை ஏன் கிடைக்காது? ஜனவரியிலேயே எழுதிக் கொடுத்து போர்மேன் சரி என்று சொன்னதாக எழுதியவர் நீங்கள். நான் வார்டில் தினமும் பார்க்கிறேன், வலி எங்கே என்று கேட்டால் வேறு இடத்தைக் காட்டுகிற நோயாளிகளை. எனக்குப் பழக்கம் உண்டு.

நேராக எழுதுங்கள். போனில் வேண்டாம். போனில் நீங்கள் சிரித்து மழுப்பிவிடுவீர்கள்.

சுகிர்தராணி


ஜுபைல்
14 ஏப்ரல் 2005

ராணிக்கு,

மூன்று தடவை எழுதிக் கிழித்தேன். இதைக் கிழிக்க மாட்டேன்.

மார்ச் நான்காம் தேதி செருப்பு எண்ணிக்கையில் பிடிபட்டோம். அடுத்த நாள் கேம்ப் பாஸ் என்னைக் கூப்பிட்டார். அவரும் கெட்டவர் இல்லை, அவருக்கு மேலே ஆள் இருக்கிறது. ஒவ்வொருவரும் ஒரு பேப்பர் எழுதிக் கொடுங்கள், அந்த அறையில் நடந்த எந்த ஜெபக் கூட்டத்திலும் நான் பங்கெடுத்ததில்லை, எப்போதும் கேம்ப் விதிப்படியே நடந்திருக்கிறேன் என்று எழுதுங்கள், ஃபைலில் போட்டு கலாஸ், முடித்துவிடுகிறேன் என்றார். ஆங்கிலத்தில் வேண்டும். எங்கள் ஆட்களில் ஆங்கிலம் எழுதத் தெரிந்தவன் நான் ஒருவன்.

எனக்கு முதலில் எழுதினேன். பிறகு ஒவ்வொருவராக வந்தார்கள். நான் எழுத எழுத அடியில் கையெழுத்துப் போட்டார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. "எப்போதும்" என்ற சொல்லை எழுதும்போது உன் எகிப்துச் சீட்டு ஞாபகம் வந்தது. ஒரு வாரத்துக்கு முன்னால்தான் அதை வாசித்திருந்தேன். அன்றைக்கு முனியசாமி, "ஒரு சிட்டிகை சாம்பிராணிதானண்ணே, போட்டுட்டு வந்து வீட்ல கும்புட்டா சாமி கோவிச்சுக்குமா?" என்று கேட்டான். நான் உன் வார்த்தைகளாலேயே அவனை மடக்கினேன். கை கூசுகிறது என்று நீ எழுதியதை அழுத்தி வாசித்தேன். இப்போது அதே முனியசாமி, ஜெபமே செய்யாதவன், நான் ஜெபிக்கவில்லை என்று கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனான். பதினோரு பேரில் அவன் பேப்பர் ஒன்றுதான் உண்மை.

பிரைட் அன்று சைட்டில் இருந்தான். மாலைக்குள் எல்லாப் பேப்பரும் வேண்டும் என்று கேம்ப் பாஸ் சொல்லியிருந்தார். அவன் வந்தால் போட மாட்டான் என்று எனக்குத் தெரியும். பத்துப் பேப்பர் மேசையில் இருந்தது. பதினோராவதை நான் எழுதி, அவன் பெயரை அவன் எழுதுகிற மாதிரியே கோணலாகப் போட்டேன். அவனிடம் அன்றிரவே சொல்லிவிட்டேன். சத்தம் போடுவான் என்று நினைத்தேன். இரண்டு நாள் என்னிடம் பேசாமல் இருந்தான். வேலைக்குப் போனான், வந்தான், படுத்தான். சரி, ஆறிவிடுவான் என்று நினைத்தேன்.

மூன்றாம் நாள் டூட்டி முடிந்த கையோடு ஆபீசுக்குப் போய்விட்டான். அவனுக்கு ஆங்கிலமும் வராது, ஹிந்தியில் நான்கு சொல்தான் தெரியும். கேம்ப் பாஸ் மொழிபெயர்க்க ஆளனுப்பினார். யாரைக் கூப்பிட்டிருப்பார்? என்னைத்தான்.

அவன் என்னைப் பார்க்காமல் மேசையைப் பார்த்துச் சொன்னான். "இது எனக்க கையெழுத்து இல்ல. நான் ஜெபத்துக்குப் போனேன். எல்லா வெள்ளிக்கிழமையும் போனேன்." நான் ஆங்கிலத்தில் சொன்னேன். அப்படியானால் இதை யார் போட்டது என்று கேம்ப் பாஸ் கேட்டார். நான் தமிழில் கேட்டேன். "தெரியாது" என்றான். அதையும் நான்தான் ஆங்கிலத்தில் சொன்னேன், ராணி. என் வாயால் சொன்னேன். கூட யார் இருந்தார்கள் என்று கேட்டார். "நான் மட்டும்தான் ஜெபிச்சேன், மத்தவங்க டிவி பாத்தாங்க" என்றான். அதையும் சொன்னேன். இரண்டு வாரத்தில் டிக்கெட் வந்துவிட்டது.

பஸ்ஸில் ஏறும்போது பெட்டியைத் தூக்கப் போனேன். விடவில்லை.

மற்றவர்கள் இப்போது வேறொரு அறையில், மூன்று மூன்று பேராகக் கூடுகிறார்கள். என்னை வாசிக்கக் கூப்பிட்டார்கள். போகவில்லை. எந்த முகத்தோடு போய் வாசிப்பேன்? ஜூன் விடுமுறையை நானேதான் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன், எந்த முகத்தோடு முட்டத்துக்கு வருவேன்? அவன் வள்ளத்திலிருந்து கரை ஏறும்போது நான் கல்ஃப் சட்டை போட்டுக்கொண்டு வாசலில் நிற்கவா?

என் கையால் நீ தண்ணீர் குடிக்க மாட்டாய் என்று எழுதியிருந்தாய். அந்தக் கடிதம் என்னிடம் பத்திரமாக இருக்கிறது.

கிளிட்டஸ்


ஃபஹாஹீல்
8 மே 2005

அன்புள்ள அத்தானுக்கு,

மூன்று வாரமாக உங்களுக்கு எழுத என்னால் முடியவில்லை. முதல் வாரம் உங்கள் மேல் கோபம். இரண்டாவது வாரம் என் பழைய கடிதங்களை நீங்கள் வைத்திருப்பீர்களே என்று பயம் வந்தது. ஜனவரியில் நான் எழுதியதை எடுத்துப் பாருங்கள். எப்படியாவது அவன் வேலையைக் காப்பாற்றுங்கள், அவனைக் கேட்டுக்கொண்டு நிற்க வேண்டாம் என்று எழுதியவள் நான். நீங்கள் அப்படியே செய்தீர்கள். ஒரு பக்கம் தம்பிக்கு ஒன்றும் ஆகக் கூடாது என்று உங்களை ஏவிவிட்டு, அடுத்த கடிதத்தில் சீட்டு வாங்கியவர்களைக் காறித் துப்பினேன். உட்கார்ந்த இடத்தில் வெள்ளிக்கிழமைதோறும் கோயிலுக்குப் போய் வருகிறவளுக்கு வீரம் பேசுவது சுலபம். எனக்கு வெட்கமாக இருக்கிறது.

பிறகுதான் புத்தகத்தில் நான் பாதியில் விட்ட அத்தியாயத்தை முழுதாகப் படித்தேன். டெசியஸால் ஓராண்டுக்கு மேல் அதை நடத்த முடியவில்லை, போரில் செத்துப்போனார். சிறையிலிருந்தவர்கள் வெளியே வந்தார்கள். சீட்டு வாங்கியவர்கள் கோயில் வாசலில் நின்று அழுதார்கள். அவர்களை உள்ளே விடவே கூடாது என்று ஒரு கூட்டம். சும்மா விட்டுவிடலாம் என்று ஒரு கூட்டம். கார்த்தேஜ் நகரத்து ஆயர் ஒருவர், அவரே அந்த நாட்களில் ஒளிந்திருந்தவர்தான், எல்லாரையும் ஒரே தராசில் போடாதீர்கள் என்று எழுதினார். தானாக ஓடிப்போய்ப் பலியிட்டவன் வேறு, மனைவி பிள்ளைகளையும் வீட்டில் உள்ளவர்களையும் காப்பாற்ற எல்லாருக்காகவும் தான் ஒருவனாகப் போய் நின்றவன் வேறு என்றார். அந்த வரியை வார்டில் நின்றுகொண்டு படித்தேன். கூட வேலை செய்யும் ஜோஸ்மி வந்து என்ன ஆயிற்று என்று கேட்டாள்.

அதற்காக உங்களுக்கு மன்னிப்பு எழுதுகிறேன் என்று நினைக்க வேண்டாம். அவர்களும் உடனே உள்ளே போகவில்லை. சிலர் வருடக்கணக்கில் வாசலில் நின்றார்கள். மேலும், மன்னிக்க நான் யார்? உங்கள் பக்கத்தில் நிற்க வேண்டியவள் நான். மன்னிக்க வேண்டியவன் முட்டத்தில் இருக்கிறான். அவனிடம் போனில் என் ஜனவரிக் கடிதத்தைப் பற்றிச் சொன்னேன். நான்தான் சொன்னேன்டா, அத்தான் செய்தார் என்றேன். பிறகு அவன் பேசியதை அப்படியே எழுதுகிறேன். எழுதவா என்று அவனிடம் கேட்டுவிட்டேன்.

"அக்கா, அத்தான் அண்ணைக்கு ராத்திரி வந்து ஒனக்க பேப்பரையும் நானே குடுத்துட்டேன்னு சொன்னாரு. அதக் கேட்டதும் எனக்கு சந்தோசமா இருந்துச்சு. சத்தியமாட்டு சொல்லுகேன். அப்பாடா, நான் செய்யாண்டாம், அவரு செஞ்சிட்டாரு, பாவம் அவருக்கு, வேலை எனக்குன்னு நினைச்சேன். ரெண்டு நாளு அந்த சந்தோசத்தோட நல்லா தூங்கினேன். மூணாவது நாளு சாரத்து மேல நிக்கேன், எனக்கு என்னையே பிடிக்கல. அதாக்கும் போய் சொன்னது. எல்லாரும் இங்க என்னப் பெரிய ஆளுண்ணு பேசுகாவ. கோயில்ல சாமியாரு எனக்க பேரச் சொன்னாரு. நான் என்ன செய்யட்டு?"

அவன் அழுதான், அத்தான். பெட்டியைத் தொட விடாதது கோபத்தால் இல்லையாம். நீங்கள் தொட்டிருந்தால் அங்கேயே எல்லாவற்றையும் சொல்லி அழுதிருப்பேன் என்றான்.

உங்களை வரச் சொல்கிறான். ஒன்றும் நடக்காத மாதிரி இருக்க முடியாது, நேருக்கு நேர் உட்கார்ந்து பேச வேண்டும் என்கிறான். நானும் கூட இருக்க வேண்டுமாம். நான் ஜூன் பத்தாம் தேதி போகிறேன்.

வீரர்களை மட்டும் வைத்துக்கொண்டிருந்தால் அந்தச் சபை ஒரு வள்ளத்தைக்கூட நிரப்பியிருக்காது என்று எனக்குத் தோன்றுகிறது. அறுபது வருடம் கழித்து ஒரு பேரரசரே அந்தப் பக்கம் வந்து சேர்ந்தபோது, உள்ளே இருந்தவர்களில் பாதிப் பேர் சீட்டு வாங்கினவர்களின் பேரப்பிள்ளைகளாகத்தான் இருந்திருப்பார்கள். இது புத்தகத்தில் இல்லை, நான் சொல்வது.

ராணி


ஜுபைல்
27 மே 2005

அன்புள்ள ராணிக்கு,

உன் கடிதத்தை எடுத்துக்கொண்டு இன்று அந்த அறைக்குப் போனேன். கதவைத் தட்டியபோது உள்ளே டிவி சத்தம் கூடியது. நான் என்று தெரிந்ததும் குறைத்தார்கள். உட்காரச் சொன்னார்கள். நின்றுகொண்டே, நான் செய்ததைச் சொன்னேன். மற்ற பத்துப் பேப்பரைப் பற்றித்தான் எல்லாருக்கும் தெரியும், பதினோராவதைப் பற்றி யாருக்கும் தெரியாது. பிரைட் கையெழுத்துப் போட்டுவிட்டுப் பிறகு மனம் மாறினான் என்றே நினைத்திருந்தார்கள். சொல்லி முடித்ததும் யாரும் என்னை ஏசவில்லை. ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

பிறகு உன் கடிதத்தை வாசித்தேன். வாசலில் நின்று அழுதவர்கள் வரை வாசித்தேன். கார்த்தேஜ் ஆயரை வாசித்தேன். பிரைட் பேசிய இடம் வந்ததும் என்னால் முடியவில்லை. முனியசாமி காகிதத்தை வாங்கி, எழுத்துக்கூட்டி வாசித்தான். "நல்லா தூங்கினேன்" என்ற இடத்தில் நிறுத்தி எங்களைப் பார்த்தான். கையெழுத்துப் போட்ட அன்றைக்கு நாங்கள் எல்லாரும் நன்றாகத் தூங்கினோம், ராணி. நானும் தூங்கினேன்.

விடுமுறைக்கு மறுபடி எழுதிக் கொடுத்தேன். போர்மேன் சரி என்றார். ஜூன் பன்னிரண்டு திருவனந்தபுரத்தில் இறங்குகிறேன். எட்டு வருடமாகக் கல்ஃபில் இருக்கிறேன், எத்தனையோ தடவை விமானம் ஏறியிருக்கிறேன், இந்தத் தடவைதான் பயமாக இருக்கிறது. இதைப் பிரைட்டிடம் அப்படியே சொல். பயந்துகொண்டே வருகிறேன் என்று சொல்.

உன்
கிளிட்டஸ்